பட்டுக் கிழவருக்கு வைத்த பொட்டு

செவன் கிங்ஸ், லண்டன்
14.09.2003

அன்புள்ள கோசிகா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? ஊரில் கொக்குவில் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று வெளிக்கிட்டுப் போனீர்கள். போனில் மகளின் பெயரை எடுத்தாலே லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதுதான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் லைன் அறாது.

கோசிகா விரும்பும் கென்னியின் வீட்டிலிருந்து போன மாதம் ஒரு பரிசு வந்தது. அவனுடைய தகப்பன் மிஸ்டர் லாவ், சீன முறையில் படம் வரைகிறவர். பட்டில் வரைந்து, பின்னால் கடதாசி ஒட்டி, பாய் மாதிரிச் சுருட்டியிருந்தது. விரித்தால் ஒரு கிழவர். வெள்ளைத் தாடி, கையில் தடி, பக்கத்தில் ஒரு மான். நெற்றி உங்களுடையதைவிடப் பெரிது.

யாரோ சித்தர் என்று நினைத்து, சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். மற்ற எல்லாருக்கும் பொட்டு வைத்துவிட்டு இவரை மட்டும் வெறும் நெற்றியோடு விட மனம் வரவில்லை. சந்தனம் குழைத்து, மேலே குங்குமமும் வைத்தேன்.

வேலையால் வந்த கோசிகா, "ஐயோ அம்மா, இது சில்க்! கழுவ ஏலாது!" என்று குளறினாள். பயத்தில் ஈரத்துணியால் ஒற்றினேன். சந்தனம் போனது. குங்குமம் கன்னம்வரை இறங்கி, கிழவர் வெட்கப்படுகிற மாதிரி ஆகிவிட்டார். பிள்ளை அழுதுவிட்டாள். "அப்பாவுக்குக் கென்னி வீட்டாரைப் பிடிக்கேல்லை. இனி அவைக்கும் எங்களைப் பிடிக்காது" என்றாள். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் சாப்பிட வந்தார்கள். படத்தை ஃப்ரேம் போடக் கொடுத்திருப்பதாகச் சொல்லச் சொல்லிப் பக்கத்து வீட்டு ஜெயகௌரி யோசனை தந்தா. மிஸ்டர் லாவ் எங்கள் நண்டுக்கறியைக் கண்ணீர் வடிய வடிய ருசித்து முடித்து, படத்தைக் கேட்டார். நான் "ஃப்ரேம்" என்று தொடங்கியதும் கென்னி சிரித்துவிட்டான். சுருள் படத்துக்கு யாரும் ஃப்ரேம் போடுவதில்லையாம். வேறு வழியில்லாமல் கொண்டுவந்து விரித்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். கென்னியின் தாய் வாயைப் பொத்தினா. கோசிகா என் கையை நுள்ளினாள். கும்பிட்டுத்தான் வைத்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். சீனத்தில் ஏதோ சொல்ல, கென்னி அதை ஆங்கிலமாக்க, கோசிகா தமிழில் சொன்னாள். சீனாவில் ஒரு படத்தை வைத்திருப்பவர் தன் சிவப்பு முத்திரையைப் படத்தின் மேலேயே குத்துவாராம். அரசர்களும் குத்தியிருக்கிறார்களாம். "ஆனா நெத்தியில குத்தின ஆளை இண்டைக்குத்தான் காணுறாராம், அம்மா!" அப்படியே இருக்கட்டும், துடைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கிழவர் சித்தர் இல்லையாம், நீண்ட ஆயுள் தரும் சீனத் தெய்வமாம்.

பிறகு, வீட்டுக்காரரின் முத்திரை எங்கே என்று கேட்டார். நீங்கள் ஓடு மாற்றப் போன கதையைச் சொன்னேன். லண்டனிலிருந்து போய் ஓடு மாற்றுவது அவருக்கு விளங்கவில்லை. கென்னியின் தாய் மட்டும் விளங்கின மாதிரி என் கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றினா.

கலியாணத்துக்குத் தையில் நல்ல நாள் இருப்பதாகக் குருமூர்த்தி ஐயர் சொல்கிறார். தாரைவார்க்கத் தகப்பன் வேண்டும். என் தம்பி குலசேகரம், உங்கள் இடத்தில் தான் நிற்பதாகச் சொன்னான். நான் ஓம் என்று சொல்லவில்லை.

கென்னி இப்போதெல்லாம் எங்கள் குசினியில் நின்று "மாமா, சுகமா இருக்கிறீங்களோ?" என்று சொல்லிப் பழகுகிறான். வேறு ஆள் இல்லாததால் என்னைப் பார்த்துத்தான் கேட்கிறான். நானும் "ஓம், சுகம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நல்லூர்க் கந்தன் உங்களைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து விடட்டும். ஓடு மாற்றினது போதும். வாங்கோ.

உங்கள்
சிவகௌரி