இசக்கி அடித்த செம்பு ஆணி

என் செல்லத் தம்பி இசக்கிக்கு,

செல்லம் என்று எழுதியதும் எனக்கே சிரிப்பு வருகிறது. நீ இருந்தவரை அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ‘ஏலே’ என்பேன், கோபம் வந்தால் ‘ஏல மூதி’ என்பேன். கோயில் கொடை மலரில் உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். போட்டோவும் நாலு வரிக் கவிதையும் போதும் என்றார்கள். கவிதையெல்லாம் எனக்கு வராது, கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஒரு வாரக் காய்ச்சல், அவ்வளவுதான். மும்பை ஆண்டாப் ஹில் வீட்டில் அம்மா தினமும் உன் படத்துக்கு முன்னால் கட்டிங் சாயா, அரை கிளாஸ் டீ, வைக்கிறாள். உனக்கு வைத்த பிறகுதான் எனக்கு. இதற்குமா ஒருத்தன் பொறாமைப்படுவான்? படுகிறேன், என்ன செய்ய.

ஊரார் படிக்கிற கடிதம் என்பதால் நம் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடிப் படகின் அடியில் டிரான்ஸ்டியூசர் என்று உள்ளங்கை அளவு ஒரு சாமானைப் பொருத்துவோம். அது தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பித் திரும்ப வாங்கும். மீன் எங்கே, தரை எங்கே என்று மேலே சோனார் திரையில் தெரியும். மெஷின் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், வைக்கிற இடம் தப்பினால் போச்சு. ஓடுகிற படகுக்கு அடியில் உருளும் காற்றுக்குமிழி அதன் முகத்தில் பட்டால் திரை முழுக்கப் புள்ளிதான்.

நான் ஐ.டி.ஐ. முடித்தவன். புத்தகம் பார்ப்பேன், அளவு எடுப்பேன். நீ ஒன்பதாவது ஃபெயில். ஆனால் தக்கா என்கிற படகுத்துறையில் படகுக்காரர்கள் யாரைக் கேட்டார்கள்? “சோட்டா கிதர் ஹை? சோட்டே கோ பேஜ்.” நான் பெட்டியோடு எதிரே நிற்பேன், அவர்கள் என் தோளுக்குப் பின்னால் சின்னவனைத் தேடுவார்கள். கடைப் பலகையில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது, அதை யார் படித்தார்கள்?

உன் வழக்கமே தனி. படகைக் கரையேற்றும் முன்பே முழு வேகத்தில் ஓட்டச் சொல்வாய். அடித்தட்டில் தேங்கின எண்ணெய்த் தண்ணீரில் குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைப்பாய். சலசலவென்று கேட்கிற இடத்தை விட்டு நகர்ந்து நகர்ந்து போய், ஓரிடத்தில் மஞ்சள் க்ரேயானால் பெருக்கல் குறி போடுவாய். “அண்ணே, இங்கன தண்ணி பேசாம போவுது. இங்கனயே ஓட்ட போட்டுருவோம்.” நானும் ஒருநாள் யாரும் பார்க்காதபோது படுத்துக் கேட்டேன். எஞ்சின் இரைச்சல்தான் கேட்டது. ஒரே வயிற்றில் பிறந்தோம், காது மட்டும் எப்படி வேறாகப் போயிற்று?

கமலாபாயி படகு நினைவிருக்கிறதா? புருஷன் போனபின் தானே நின்று படகு நடத்துகிற கோலி மீனவக்காரம்மா. ஆறு மழைக்காலத்துக்கு முன்னால், மீன்பிடித் தடை நேரத்தில், அவள் படகு கரையில் ஏறி நின்றது. நீ உள்ளே குறி போட்டுவிட்டு மாட்டுங்காவுக்கு மாமா மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டாய். அவள் என்னிடம் வந்தாள். “சோட்டா ஜிதர் போலா, உதரீச் டாலேகா நா?” சின்னவன் சொன்ன இடத்தில்தானே போடுவாய் என்கிறாள், அண்ணன்காரனைப் பார்த்து. என் வயிறு பற்றி எரிந்தது.

கந்தையில் டீசல் நனைத்து உன் குறியைத் துடைத்தேன். ஊரறியச் சொல்கிறேன், நான்தான் துடைத்தேன். புத்தகத்துப் படத்தைப் பார்த்து அளந்து, மூன்றடி பின்னால் என் கையால் துளைத்தேன். எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்நீரை உறிஞ்சுகிற வாய் அதற்கு நேர் முன்னால் இருந்தது. ஓடும்போது அங்கே கிளம்புகிற குமிழியெல்லாம் நேரே என் ஓட்டைக்குத்தான் வரும். புத்தகத்துப் படத்தில் அந்த வாய் இல்லை. நான் படத்தைப் பார்த்தேன், படகைப் பார்க்கவில்லை.

படகு இறங்கியது. மெதுவாகப் போனால் தரை தெரிந்தது, வேகம் எடுத்தால் ஒரே புள்ளி. தக்கா கூட்டத்துக்கு நடுவே கமலாபாயி கத்தினாள். நீ உள்ளே இறங்கினாய், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாய், என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய். பிறகு அவளிடம், “மேரா கல்தி ஹை, பாயி” என்று தப்பை உன் தலையில் போட்டுக்கொண்டாய். அடுத்த மழைக்கு மாற்றித் தருகிறேன் என்றும் கெஞ்சினாய். “என் படகில் இன்னொரு ஓட்டையா?” என்று அவள் விரட்டிவிட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. நன்றியாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. பழியை ஏற்றுக்கொண்டு பெரிய மனுஷன் பட்டத்தையும் இவனே தட்டிக்கொண்டு போகிறானே என்று இன்னும் எரிந்தது. திரும்பும் வழியில் வடாலாவில் எனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்தாய். அதையும் தின்றேன்.

அதற்குப் பிறகு நீ க்ரேயானைத் தொடவில்லை. குறி போடுகிற இடத்தில் சின்னதாக ஒரு செம்பு ஆணி அடிக்கத் தொடங்கினாய். “என்னல, பெரிய ஆசாரியோ?” என்று நக்கலடித்தேன். “க்ரேயான் அழிஞ்சு போவுதுண்ணே” என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

இந்த மழைக்குக் கமலாபாயி புது மெஷின் வாங்கியிருக்கிறாள், ஓட்டையும் புதிதாகப் போட்டாக வேண்டும். வேறு ஆளை வைப்போம் என்றானாம் மகன். சோட்டாவின் வீட்டு ஆள் என்று என்னைக் கூப்பிட்டாள். பார்த்துக்கொள், நான் இப்போது சோட்டாவின் வீட்டு ஆள். படகு ஏற்கெனவே கரையில், காது வைக்கவும் எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை தப்பாகத் துளைத்தால் தக்காவில் நம் கடையை யார் கூப்பிடுவார்கள்?

அடித்தட்டுப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். நான் துடைத்த அதே இடத்தில், பச்சை பூத்துப்போய், ஒரு செம்பு ஆணி.

அன்றைக்குக் கீழே இறங்கினாயே, அப்போது அடித்ததா? பழியை ஏற்பதற்கு முன்னாலேயே அடித்துவிட்டுத்தான் மேலே வந்தாயா?

விரலால் தடவிப் பார்த்தேன். க்ரேயான் தானாக அழியாது என்று உனக்குத் தெரியும். அப்படியென்றால் அத்தனை படகில் அத்தனை ஆணி எதற்கு? நான் துடைக்க முடியாதபடிக்குத்தானே? நீ என்னை மன்னித்துவிட்டாய், ஆனால் நம்பவில்லை. பொறாமையை உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தேன் என்று நினைத்தேன். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

மேலே வந்து கமலாபாயியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். “அந்தப் பிள்ளை செஞ்ச ஒரே தப்பு என் படகுலதான்னு ஊரெல்லாம் சொன்னேனே” என்று மராத்தியில் புலம்பி அழுதாள். எனக்கு நாலு திட்டு விழும் என்று நின்றேன். அதுவும் விழவில்லை. அழுகை முழுக்க உனக்குத்தான்.

ஆணி இருந்த இடத்திலேயே துளைத்தேன். என் பழைய ஓட்டையைக் கட்டை வைத்து அடைத்தேன். கோலிகள் மறுபடி கடலுக்குப் போகிற நாரளி பூர்ணிமைக்குக் கடலில் தேங்காய் விட்டபின் படகு இறங்கியது. முழு வேகத்திலும் தரை கோடு போட்டாற்போல் வந்தது. படகோட்டி திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சோட்டே கா ஹாத் ஹை” என்றான். துளைத்தது நான், அடைத்தது நான், ஒயர் இழுத்தது நான், கைராசி உன்னுடையதாம். செத்தும் என்னை ஜெயிக்கவிட மாட்டேங்கியேல!

பிடுங்கின ஆணி என் சட்டைப்பையில் இருக்கிறது. நீ கடைசியாகக் கேட்டு ஆணி அடித்த இரண்டு படகுகள் இன்னும் வேலை முடியாமல் நிற்கின்றன. அவற்றில் ஒரு விரல்கூடத் தள்ளித் துளைக்க மாட்டேன், இது சத்தியம். அப்புறம் புதுப் படகு வந்தால் நானும் எண்ணெய்த் தண்ணீரில் படுத்து, கேட்கிற வரைக்கும் காதை வைப்பேன். கேட்டுவிட்டால் க்ரேயானால்தான் குறி போடுவேன், இசக்கி. இனி அழிப்பதற்கு ஆள் இல்லை.

உன் குறியை அழித்த,
உன் கூடப்பிறந்த அண்ணன்
சுடலை