முற்றத்தில் நின்ற தூண்கள்ளி

ஹேவாஹெட்ட,
2.4.1932

அன்புத் தங்கச்சி ஹபீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கல்யாண வருடம் நான் நட்டுத் தந்த தூண்கள்ளியில் பஞ்சு படிந்த முடிச்சுகள் வந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். பைத்தியக்காரி, அவை மொட்டுகள்! பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன்.

துரை பங்களாத் தோட்டத்தில் எத்தனையோ மரம் வளர்த்துவிட்டேன், இதைப் போல ஒன்றில்லை. இலை கிடையாது, பச்சைத் தோலே இலையின் வேலையைச் செய்கிறது. மழைக்கு ஆறு விலாவும் உப்பும், வெயிலுக்குத் துருத்தி போல ஒடுங்கும். பூ அந்தியில் விரிந்து விடிந்ததும் வாடிவிடும். லீவு கேட்டிருக்கிறேன், பதினைந்தாம் திகதிக்குள் வருவேன். அதுவரை யாரையும் தொட விடாதே.

உன் நானா,
நளீர்

வத்தேகம,
9.4.1932

அன்புள்ள நானாவுக்கு ஸலாம்.

எப்படி எழுதுவேன்? மரத்தை வெட்டிவிட்டார்கள். நேற்று நான் மருந்து வாங்கப் போன நேரம், மாமி சொல்லி இவர் மரவாளால் அறுத்துச் சாய்த்துவிட்டார். மகள் றலியா தவழத் தொடங்கிவிட்டாள். "கள்ளிப்பால் பட்டா புள்ளட கண்ணு போயிரும்" என்று மாமி ஒரு வாரமாய் அழுதார். பதினொரு வருடம் துஆக் கேட்டுப் பெற்ற பிள்ளை, நான் என்ன சொல்ல?

வெட்டிய இடத்தில் பால் வரவில்லை, தெளிந்த நீர்தான். மாமி தொட்டுப் பார்த்து, "பாலில்லயே மகன்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். இவர் சாப்பிடவே இல்லை. கோபத்தில் வராமல் இருந்துவிடாதீர்கள்.

ஹபீலா

வத்தேகம,
16.4.1932

அன்புள்ள நானாவுக்கு,

நீங்களும் வரவில்லை, பதிலும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலியோரம் கிடந்த மரம் நேற்று முன்தினம் அந்தியில் பூத்தது! வேரில்லை, மண்ணில்லை, உடம்பில் சேர்த்து வைத்த தண்ணீரிலேயே நான்கு பூ. வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றும் என் இரண்டு கையளவு. மாமி றலியாவைத் தூக்கி வந்து காட்டினார்.

இவர் மட்டும் கிட்ட வரவில்லை. மறுநாள் காலையில் மரத்தை முழத் துண்டுகளாக அறுத்து, அன்று நடுவதற்கு முன் நீங்கள் செய்தது போலவே நிழலில் நிறுத்தினார். "மச்சான்கிட்ட கேளு, எத்தின நாள் காய வைக்கணும்னு" என்கிறார். எனக்கு எழுதாவிட்டாலும் அவருக்காவது எழுதுங்கள்.

ஹபீலா

ஹேவாஹெட்ட,
19.4.1932

ஹபீலா,

கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். லீவு கிடைத்தும் வரவில்லை. ஆனால் இதில் பால் இல்லை என்று மாமியிடம் நான் ஒரு தரமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு.

வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட இரண்டு வாரம் ஆகும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். முள் இருக்கிறது, பிள்ளை போகாத பின்வேலியில் நடுவோம். ஆற்று மணல் நான் கொண்டு வருகிறேன். குழியை மச்சான் வெட்டட்டும். ஒரு சாண் ஆழம் போதும்.

நானா