யாருக்கும் யாருக்கும் வித்தியாசம், கௌரி?

என் செல்லத் தங்கை கௌரிக்கு,

அம்மா இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் கேட்பாய்.

நீ போன பிறகு உன் படிப்பு வேலை பாதியில் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. உன்னோடு சைக்காலஜி படித்த ரெஜினா, முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து நம் பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் சேர்ந்து செய்த ஆய்வை அவளே முடித்து, இரண்டு பேர் பெயரையும் போட்டுக் காலேஜில் கொடுக்கப் போகிறாளாம். அதற்கு முன்னால் என்னிடம் சொல்ல வேண்டும் என்றாள்.

எட்டாவதோடு நின்றவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று இருந்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். தறி நெய்கிற பெண்கள், பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற பெண்கள், வீட்டிலேயே இருக்கிற பெண்கள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து, மனசு எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்று கேட்டீர்கள் இல்லையா? தறிக்காரிகளுக்குத்தான் சோர்வு அதிகம், வீட்டில் இருப்பவர்களுக்குக் குறைவு என்று நீ அடித்துச் சொன்னாயாம். என்னிடமும்தான் சொல்லியிருக்கிறாய்.

மூன்று கூட்டத்துச் சராசரியையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வித்தியாசம் இருக்கிறது என்று வந்துவிட்டது.

"அப்ப எங்க கௌரி சொன்னது சரிதானே?" என்றேன்.

"அவசரப்படாதீங்கக்கா. பக்கத்து ரூம்ல மூணு பசங்க இருக்குதுன்னு வச்சுக்கோங்க. சத்தம் கேக்குது, சண்டைன்னு தெரியுது. யாருக்கும் யாருக்கும் சண்டைன்னு உள்ள போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

அப்படி இரண்டிரண்டு கூட்டமாக எடுத்து ஒப்பிட்டதில், கடைப் பெண்கள்தான் மற்ற இரண்டு கூட்டத்தையும்விட அதிகமாகச் சோர்ந்திருக்கிறார்களாம். தறிக்காரிக்கும் வீட்டில் இருப்பவளுக்கும் நடுவில் வித்தியாசம் உண்டு என்று சொல்ல முடியவில்லையாம். இல்லவே இல்லை என்றும் சொல்லக் கூடாதாம். உண்டு என்று காட்ட இது போதவில்லை, அவ்வளவுதான்.

நான் ராட்டையைச் சுற்றிக்கொண்டேதான் கேட்டேன். ரெஜினா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள்.

"அக்கா, கௌரி உங்கள எந்தக் கூட்டத்துல எழுதுனா?"

"வீட்ல இருக்கறவங்கள்லதான். சும்மாதானே இருக்கறேன்."

"சும்மாவா? அப்போலேந்து என்னமோ சுத்திக்கினே இருக்கீங்களே!"

"இதுவா? தார் சுத்தறேன். எங்க வீட்டுக்காரரு தறியில ஓடற நாடாவுக்குள்ள வைக்கக் குழல்ல சுத்துன நூல் வேணாமா? இதெல்லாம் ஒரு வேலையாம்மா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் எனக்கும் உறைத்தது. நம் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சும்மா இருக்கிறேன் என்றுதான் சொல்லுவாள். காலையில் ராட்டை முன்னால் உட்கார்ந்தால் உலை வைக்கத்தான் எழுந்திருப்பாள். உனக்குத் தெரியாததா? இங்கேயே பிறந்து வளர்ந்ததால்தான் கேட்கத் தோன்றவில்லையோ?

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது.

"தார் சுத்தறவங்கள எல்லாம் தூக்கித் தறிக் கூட்டத்துல போட்டுடும்மா. அவ சொன்ன மாதிரியே வந்துடும்."

"வரலன்னா?"

"வேற மாதிரி மாத்திப் போடு."

"முடிவப் பாத்தப்புறம் ஆள மாத்துனா, அது தானா வந்தது இல்லக்கா. நாம வர வச்சது."

"செத்துப்போனவ சொன்னது தப்புன்னு காலேஜ்ல படிச்சுக் காட்டப் போறியா? நல்ல சிநேகிதிதான் போ!"

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. உன் ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா கோயிலில் பூக் கட்டிப் போட்டுப் பார்த்தாள். வெள்ளை வந்தால் நல்லது. சிவப்பு வந்தது. மறுபடியும் போட்டாள், மறுபடியும் சிவப்பு. அப்புறம் ஒரு வழியாக வெள்ளை வந்ததும் உன்னிடம் ஓடி வந்தாள். நீ படுத்தபடியே சிரித்தாய்.

"வர்ற வரைக்கும் போட்டா வராம எங்க போவும், அம்மா? டாக்டர் சொல்றாரு, பண்ணிக்கறேன். உன் பூவுக்காக இல்ல."

பூ என்ன சொன்னது, என்ன நடந்தது என்று உனக்கே தெரியும்.

ரெஜினாவை உள்ளே கூப்பிட்டேன். "வந்தது வந்தபடியே எழுதும்மா" என்றேன். அவள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். நான் அழவில்லை. வீட்டில் இருப்பவர்கள் கூட்டத்தில் என்னை மாதிரி தார் சுற்றுகிறவர்களும் கலந்திருக்கலாம், அதனால் அப்படி வந்திருக்கலாம் என்று கடைசியில் எழுதலாமாம். ஆனால் வேறு பெண்களிடம் புதிதாகக் கேட்டால்தான் நிச்சயமாகத் தெரியுமாம்.

கேட்கப் போகிறோம், கௌரி. அவளோடு நானும் தெருத்தெருவாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன் பேச்சு மெய்யாக வேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் ஒருத்தி வாயிலும் உனக்கு வேண்டிய பதிலை நான் திணிக்க மாட்டேன். அவர்கள் என்ன சொன்னாலும், உனக்குப் பிடிக்காததாக இருந்தாலும், அப்படியே வந்து உன்னிடம் சொல்லுவேன்.

நீ சொன்னது சரியோ தப்போ,
என்றைக்கும் உன் அக்கா
சரசு