கோடு விழுந்த எலும்பு

நிக்டி, புணே
11 ஜூலை 2004

அன்பு மகள் ஜெனிபருக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா துணையில் நானும் அப்பாவும் சுகம், மழையில் துணிதான் காயவில்லை. அந்தக் கேப்டவுன் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருக்கிறாயா என்பதே என் கவலை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும், அழுகை வந்துவிட்டதால் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். விஷயம் சரியாகப் புரியாமல் எழுதக் கூடாது என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததில் கடிதமும் தாமதம், கோபிக்காதே. மெயிலில் தமிழ் வராது, இங்கிலீஷில் எனக்கு மனசு வராது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிதாகப் பிரித்து எழுதியிருக்கிறேன், வாய்விட்டுப் படி.

நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. பல்லிக்கு வெயில் வேண்டும், நமக்கு உடம்புக்குள்ளேயே அடுப்பு. தரையில் வாழ்ந்த மிருகங்களுக்கு அந்த அடுப்பு எப்போது, எப்படிப் பற்றிக்கொண்டது என்பதுதான் உன் படிப்பு. பறவைகளுக்குத் தனியாகவும் நம் வம்சத்துக்குத் தனியாகவும் வந்ததாமே. நான் பி.எஸ்ஸி. விலங்கியலில் இந்தப் பக்கம் குளிர்ரத்தம், அந்தப் பக்கம் வெப்பரத்தம் என்று எழுதி மார்க் வாங்கியதோடு சரி, நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நீ அந்த நடுவில் நின்ற ஒன்றை, ஓணானும் இல்லாமல் எலியும் இல்லாமல் இருபத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் செத்துக் கல்லாகிப்போனதைப் பிடித்துக்கொண்டு, அதன் தொடை எலும்பைக் கண்ணாடி போலச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறாய். ரத்தக்குழாய் ஓட்டைகள் நெருக்கமாக இருந்தால் வேகமாக வளர்ந்தது, அடுப்பு நன்றாக எரிந்திருக்கலாம். மரத்து வளையம் போலக் கோடு விழுந்திருந்தால் அந்தப் பருவத்தில் வளர்ச்சி நின்றிருக்கிறது. மற்ற எலும்பெல்லாம் நினைத்தபடி வர, ஒன்றில் மட்டும் கோடு. கூடப் படிக்கிற பெண் அதை விட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாளாம். நீ அதையும் சேர்த்து எல்லார் முன்னாலும் காட்டிவிட்டாய். புரொபசர் திட்டவில்லை, இன்னும் நிறைய எலும்பைப் பார்த்துவிட்டு எழுது என்றார். அதனால் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது, கிறிஸ்மஸுக்கும் வர முடியாது. அதற்குத்தான் தப்பு பண்ணிட்டேனாம்மா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடட்டுமா என்று கேட்டாய்.

அப்பா போனை வைத்ததும், அவ என்ன இல்லாததையா சொன்னா, கோடு விழுந்த பீஸை நான் கம்பெனி செக்கிங்குல ஓகேன்னு அனுப்பினா வண்டி நடுரோட்டுல நிக்கும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு என்னிடம் கேட்காமலே பக்கத்து ஸ்வீட் கடையில் பேடா வாங்கி வந்தார். கீழ்வீட்டு மங்கையர்க்கரசி அக்கா, எல்லா வீட்டுப் பொண்ணும் ஹிஞ்சவடியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கு, உம் பொண்ணு செத்த ஓணானைச் சீவுறாளே என்றார். ஓணான் இல்லக்கா, நம்ம பூட்டனுக்கும் பூட்டன், மரியாதையாப் பேசுங்க என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேடா எடுத்துக்கொண்டார்.

ஜெனி, நீ குறைமாசத்தில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும், அதற்குமேல் நான் சொன்னதில்லை. டிசம்பர் குளிர், எனக்கு இருபது வயசு, பரீட்சை எழுதிய சூடே ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சூடு கொடுக்க இருந்த ஒரே கண்ணாடிப் பெட்டியில் உன்னைவிடச் சின்னக் குழந்தை ஒன்று. நாகர்கோவில்காரி நர்ஸ் ஜோசபின் அக்கா, பெட்டி எதுக்கு மக்கா, நீதான் இருக்கேல்லா என்று சொல்லி, அப்பாவின் பழைய வேட்டியால் உன்னை என் நெஞ்சோடு வைத்துக் கட்டிவிட்டார். தன் சூட்டைத் தானே பிடித்துவைக்கத் தெரியாத உடம்பு உனக்கு. தினமும் கொஞ்ச நேரம் தனியாகப் படுக்கவைத்துப் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் வெதுவெதுப்பாக இருக்கும், வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன். மறுநாள் சில்லிட்டிருக்கும், எடையும் ஏறாது, பேசாமல் எடுத்துத் திரும்பக் கட்டிக்கொள்வேன். அப்புறம் மறுபடி வெதுவெதுப்பு. இப்படி வந்து போய், வந்து போய், எப்போது தங்கியது என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் உன் எலும்பில் கோடு என்றதும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தப் பிராணியும் ஏதோ பொல்லாத பருவத்தில் வளராமல் தாக்குப்பிடித்திருக்கிறது, அவ்வளவுதானே. சரியா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கோட்டை நீ மறைத்திருந்தால், நான் பட்டதில் பாதியை மறைத்த மாதிரி இருந்திருக்கும்.

நீ தப்பு பண்ணவில்லை கண்ணு. எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை, கோவில் வாசலில் தெரிந்தவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வராதே. உன்னைப் பார்க்காத கிறிஸ்மஸை நினைக்கவே பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், முடித்துவிட்டு வா. வேளைக்குச் சாப்பிடு. அதே அளவு பல்லியைவிட நமக்குப் பத்து மடங்கு தீனி வேண்டும் என்று எழுதியவள் நீதான், எழுதிவிட்டு நீயே வெறும் டீயோடு லேபில் நின்றால் என்ன அர்த்தம்? பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறேன், சோற்றில் நெய் விட்டுச் சாப்பிடு.

மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும், கை வைத்ததெல்லாம் நல்லபடி முடியட்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காதே, படுக்கும் முன் பாதத்தைத் தொட்டுப் பார். சில்லென்று இருந்தால் சாக்ஸ் போட்டுக்கொள். இங்கிருந்து எனக்குக் கை எட்டவில்லை.

உன் அம்மா,
அமலா டேனியல்