அடுப்பு வீட்டுக்கு வரவேண்டும்

என் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "அண்ணன் சொல்றதைக் கேளும்மா" என்று நீ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது.

போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன், பாத்திரம் கருகியது, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார், எல்லாம் உண்மை. அதற்காக மறுநாளே உன் அண்ணன் வந்து அடுப்பையும் சிலிண்டரையும் கழற்றிக்கொண்டு போனான், நீயும் அங்கிருந்தபடியே சரி என்றாய். இப்போது எனக்கு ஒரு மின்சாரக் கெட்டிலும் மருமகள் அனுப்பும் டப்பாச் சாப்பாடும்தான். அவளைக் குறை சொல்ல மாட்டேன், கைப்பக்குவம் நல்லதுதான். ஆனால் தொழிற்சாலை கேன்டீனில் மூன்று ஷிப்டுக்கும் ஆக்கிப் போட்டவள் நான், ஆறிப்போன டப்பாவைத் திறந்தால் வயிறு நிறையும் முன்பே வயிற்றெரிச்சல் நிறைந்துவிடுகிறது. இதில் மாசக் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு போய்விட வேண்டுமாம், அங்கே தனி அறை உண்டாம், சமையலறைப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கக் கூடாதாம்.

அதனால்தான் நம் தெருமுனைத் தையல்காரியும் அவள் வீட்டுக்காரரும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்றதும் நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். அங்கெல்லாம் நெருப்பு மூட்டுவார்களே என்று உன் அண்ணன் பதறினான். அதற்குத்தானடா போகிறேன் என்றேன். சர்க்கரையும் எண்ணெயும் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் மீறவில்லை, நெருப்பு கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. காலையில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து மூன்று கல் வைத்தேன், சுள்ளி கொழுந்துவிட்டு எரிந்து தணலாகும்வரை பொறுத்திருந்தேன், அவசரப்பட்டால் அடி பிடிக்கும், மேலே வேகாது. ஆப்பிளையும் பேரிக்காயையும் தோலோடு நறுக்கிப் போட்டு, பட்டை, கிராம்பு, தட்டிய இஞ்சி, இனிப்புக்கு உலர்ந்த திராட்சை, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். பழம் குழைகிற நேரத்தில் ஓட்ஸைத் தூவி இறக்கினேன். ஆனால் என் கைக்கு மூன்று பேர் அளவு தெரியாதே, தையல்காரி போதும்க்கா போதும்க்கா என்று கத்தக் கத்த ரெண்டு நாளைக்கு வாங்கிய கூடைப் பழம் அத்தனையும் அண்டாவுக்குள் போய்விட்டது. எந்த ஷிப்ட் ஆளுங்க வர்றாங்க என்று சிரித்தாள். வந்தார்களே. வாசனை பிடித்துப் பக்கத்துக் கூடாரங்களிலிருந்து ஆளாளுக்குக் கிண்ணத்தோடு வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இரண்டாம் முறையும் நீட்டினார், சர்க்கரை போடவில்லை என்று சத்தியம் பண்ணினாலும் நம்பவில்லை. எத்தனை நாளாயிற்று தெரியுமா, என் கரண்டிக்காக ஒரு ஆள் காத்து நின்று.

இனி சொல்லப் போவதை நான் மறைத்திருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. திரும்பி வரும்போது பாதி வழியில் எனக்குப் பக்கென்றது, நெருப்பை அணைத்தேனா இல்லையா என்று. எவ்வளவு யோசித்தாலும் நினைவில் ஒன்றுமே இல்லை. வண்டியைத் திருப்பச் சொன்னேன், தையல்காரி வீட்டுக்காரரும் உடனே திருப்பினார். போய்ப் பார்த்தால் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, மண்ணையும் போட்டு மூடியிருக்கிறேன், கேன்டீனைச் சாத்தும்போது செய்வது போலவே. மண்ணை விலக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். எனக்கு மறதி வருகிறது, குட்டிம்மா, அது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கவும் எனக்குத் தெரிகிறது. மறதிக்காரி என்று சொல்லிக்கொள்ளுங்கள், அடுப்புக்கு ஆகாதவள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆகவே நான் இந்த வீட்டை விட்டு வருவதாக இல்லை, இதை உன் அண்ணனிடம் நீயே சொல், நான் சொன்னால் சண்டை வரும். நேரம் வைத்தால் தானாக அணைந்துவிடும் அடுப்பு இருக்கிறது என்று கடைக்காரர் சொல்கிறார், அதை வாங்கி மாட்டட்டும், அந்த அளவுக்கு நானும் இறங்கி வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைவரை பார்ப்பேன்.

நீ காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. குழந்தைக்கு ஏரிக்கரையில் நான் செய்த மாதிரி பழத்தை வேகவைத்துக் கொடு, பட்டையை முழுசாகப் போட்டு எடுத்துவிடு, பொடி போட்டால் கசக்கும். மூவரும் தீர்க்காயுசாக, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுக்கொண்டு இருங்கள், அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
இன்னும் சமைக்கப் போகிற உன் அம்மா.

சொல்ல விட்டுப்போயிற்று. வண்டியைத் திருப்பியதுதான் திருப்பினோம், போனது வீணாக வேண்டாம் என்று அந்த மூன்று கற்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பின்வாசலில் வைத்திருக்கிறேன். அண்ணனிடம் அதையும் சொல்.