பதினோராம் கட்டுரையில் இருந்த அம்மா

திண்டுக்கல்
செப்டம்பர் 21, ஞாயிறு

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை வேனில் மூவரும் சுகம். அயர்லாந்தில் நீயும் குளிருக்கு இதமாக உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் நின்று நின்று கால் வீங்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். பக்கத்துத் தெரு கௌசல்யா அக்காவின் மகன் விக்னேஷ்குமார் வியாழக்கிழமை உங்கள் ஊருக்குப் படிக்கப் புறப்படுகிறான், பெட்டியில் இரண்டு கிலோவுக்கு இடம் தருகிறேன் என்றான். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி எல்லாம் கட்டிய பிறகும் மேலே கொஞ்சம் இடம் இருந்தது, அதில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். அப்பா வழக்கம்போல வத்தலக்குண்டிலிருந்து தேங்காய் லோடு ஓட்டுகிறார், சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் மறுபடி வண்டி ஏறிவிடுகிறார், சொன்னால் கேட்கிற ஆளா. மழை செம்பட்டிப் பக்கம் இரண்டு நாள் கொட்டிவிட்டு நம்மை ஏமாற்றிப் போய்விட்டது.

வேனில் எழுதிய ஆங்கிலத் தேர்வைப் பற்றிப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். இப்போது முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஜூலையில் பள்ளிக்கூடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மட்டும் ஓர் அறக்கட்டளை நடத்தும் போட்டித் தேர்வு, மாவட்டத்துக்கு இரண்டே பேர், தேறினால் கல்லூரிப் படிப்பு முழுவதும் அவர்கள் பொறுப்பு. கட்டுரை எழுத வேண்டும், ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுத வேண்டும், கடைசியில் நேர்முகமும் உண்டு. வேனிலும் அவள் பக்கத்து பெஞ்சு ஹாஃபிஸாவும் பெயர் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வேனில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் எடை மேடைக்கு வந்துவிடுவாள். வெளியே லாரி ஏறி இறங்கும், நான் சீட்டு அடித்துக் கொடுப்பேன், அவள் மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் போனில் வெள்ளைக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. கத்திக்கு ஆங்கிலத்தில் முதலில் ஓர் எழுத்து வருகிறது, அதை வாசிக்காமல் விடுகிறாள். ஏன் என்றேன். “அது சைலன்ட்டும்மா” என்றாள். பேசாத எழுத்துக்கு எதற்கு முன்வரிசையில் இடம் என்று கேட்டால் முறைக்கிறாள். இன்னொரு நாள் ‘போனான்’ என்பதற்கு நாலு விதம் ஒப்பித்தாள். அந்த ஊர்க்காரர்களுக்கு எத்தனை நேற்று இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தேன், பிறகு உட்கார்ந்து யோசித்தால் நாமும் போனான், போயிருந்தான், போய்க்கொண்டிருந்தான் என்று சொல்லத்தான் செய்கிறோம், ஐம்பது வயது வரை நான் அதை எண்ணிப் பார்த்ததில்லை. இதையெல்லாம் கேட்டால் அவளுக்குக் கோபம். “செத்த நேரம் சும்மா இரும்மா, கட்டுரைய மனப்பாடம் பண்ணணும்” என்பாள். மொத்தம் முப்பத்துநாலு கட்டுரை. நம்பரைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று கொட்டுவாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் தேர்வு நடந்தது. வெளியே வரும்போதே வேனிலுக்கு வாயெல்லாம் பல். “பதினோராம் கட்டுரை அப்படியே வந்துருச்சும்மா” என்றாள். இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து போன், பெற்றோர் உடனே வர வேண்டுமாம். மேடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடினேன். தலைமையாசிரியை அறையில் இங்கிலீஷ் டீச்சர் இசைவாணி, தேர்வு நடத்துகிறவர்கள் சார்பில் வந்த ஆல்வின் சார், சுவரோரமாக நம் பிள்ளையும் ஹாஃபிஸாவும். ஹாஃபிஸாவின் அத்தாவும் வந்திருந்தார். மேசைமேல் இரண்டு விடைத்தாள். இரண்டிலும் ஒரே கட்டுரை, எழுத்துக்கு எழுத்து அதேதான், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று சொன்னால் ஒருத்தியையாவது காப்பாற்றலாம் என்றார் ஆல்வின் சார். இரண்டு பேரும் டீச்சர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போனது பார், அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. “சார், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அதுல என்ன இருக்குன்னு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க” என்றேன். அவர் வேனிலைப் பார்த்தார்.

தலைப்பு ‘நான் மதிக்கும் மனிதர்’. வேனில் தாளைக் கையில் வாங்கி, நிமிராமல் தமிழில் சொன்னாள். என் அம்மா ஒரு இல்லத்தரசி. காலையில் நெற்றியில் முத்தமிட்டு என்னை எழுப்புவார். ஒரு தம்ளர் சூடான பால் தருவார். மாலையில் எங்கள் தோட்டத்து ரோஜாச் செடிகளுக்கு நீர் ஊற்றியபடி எனக்கு நீதிக் கதைகள் சொல்வார். இப்படியே போகிறது செல்வி. நான் ஐந்தரைக்கு மேடையைத் திறக்க ஓடுகிறவள், இவளை எழுப்புவது அப்பாவின் வண்டி ஹாரன். நம் வீட்டில் ரோஜா எங்கே இருக்கிறது, கற்றாழைத் தொட்டி ஒன்று கிடக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அதே நேரம் ஹாஃபிஸா தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். “எங்க அம்மா குவைத்துல வீட்டு வேலைக்குப் போயி மூணு வருசம் ஆச்சு சார். போன்லதான் எழுப்புவாங்க” என்றாள். அவள் அத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அப்போது இசைவாணி டீச்சர் எழுந்து நின்றார். வயது முப்பதுகூட இருக்காது. “இவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்கல சார். அது நான் குடுத்த நோட்ஸ். கிளாஸ்ல நாப்பத்திரெண்டு பேருக்கும் அதே அம்மாதான். தப்பு என்னுதுன்னு எழுதிக்கிட்டு பிள்ளைகள விட்ருங்க” என்றார். தலைமையாசிரியை முகம் கறுத்துப்போனது. தன் வேலைக்கு என்ன ஆகுமோ என்று நினைக்காமல் ஒரு மனுஷி பிள்ளைகளுக்காக இப்படிச் சொன்னதை நான் மறக்க மாட்டேன். ஆல்வின் சார் வெகுநேரம் இரண்டு தாள்களையும் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, பத்து நாள் கழித்து இரண்டு பேரும் தன் முன்னால் உட்கார்ந்து புதிதாக ஒரு கட்டுரை எழுதட்டும், தலைப்பு அங்கே வந்துதான் தெரியும், மற்ற மதிப்பெண்ணை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த வேனில் இரண்டு நாள் மேடைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மேடைக்கு வந்தாள், நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தபடியே இருந்தாள். ஒரு மணி நேரம் ஆகியும் தாள் வெள்ளையாகவே இருந்தது. “முப்பத்துநாலு கட்டுரை தெரியும்மா, சொந்தமா ஒரு வரி வர மாட்டேங்குது” என்று உடைந்து அழுதாள். நான் என்ன படித்தவளா, சொல்லிக்கொடுக்க. நாசிக்கிலிருந்து வெங்காய லோடு வர வேண்டியது, அதை எதிர்பார்த்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “இந்த லாரிய இன்னும் காணோமே, இத எப்படிடி சொல்லுவ?” என்று கேட்டேன், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். எழுதியும் வைத்தாள். லாரி இன்னும் வரவில்லை. அதுதான் அவளுடைய முதல் சொந்த வரி. அது ஏன் வரவில்லை, டிரைவர் எங்கே சாப்பிட்டிருப்பார், வெங்காயம் நனைந்தால் எடை கூடுமா குறையுமா என்று நான் கேட்கக் கேட்க ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஹாஃபிஸாவும் வந்தாள். என்னுடைய சந்தேகத்துக்கெல்லாம் இரண்டு பேரும் அகராதியைப் புரட்டினார்கள். லாரியை மூடுகிற தார்ப்பாய் இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டேன், தேடிப் பார்த்து இரண்டும் கத்திக்கொண்டு வந்தன, அங்கேயும் கிட்டத்தட்ட அதே பேர்தானாம்! தார் பூசிய பாய் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர்களிடமிருந்து நாம் வாங்கினோமா, இல்லை வேறு ஏதும் கதையா, உனக்குத் தெரிந்தால் எழுது. கடைசியில் வெங்காய லாரி வந்தபோது அந்த டிரைவரிடம் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசப் போனார்கள். அவருக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரிந்ததைவிடக் கம்மி. இருந்தாலும் வழியில் அச்சு முறிந்து மூன்று நாள் மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்ட கதையைக் கையாலும் வாயாலும் சொல்லி முடித்தார், இரண்டும் வாயைப் பிளந்து கேட்டன.

மறுதேர்வில் ஆல்வின் சார் கொடுத்த தலைப்பு, தினமும் நீங்கள் கேட்கும் ஒரு சத்தம். வேனில் எடை மேடையை எழுதியிருக்கிறாள். வெறும் லாரி ஏறும்போது இரும்புத் தகடு கலகலவென்று ஆடும் என்றும், லோடு லாரி ஏறினால் ஒரே ஒரு முனகல்தான் என்றும், எண்ணைப் பார்க்காமலே லோடு எவ்வளவு என்று என் அம்மா சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள் என்றும் எழுதினாளாம். நான் அப்படிச் சொல்வது எனக்கே தெரியாது செல்வி, மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்கிறேன். ஹாஃபிஸா எழுதியது தன் அம்மாவின் காலை நேரப் போனை. அம்மா பேசும்போது பின்னால் ஒரு குழந்தை அழும், அது அம்மா வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தை, அது அழுதால் அம்மா போனை வைத்துவிடுவாள், அதனால் யாரோ ஒரு குழந்தை அழக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாள்.

நேர்முகமும் முடிந்து, முடிவு போன வெள்ளிக்கிழமை வந்தது. மாவட்டத்தில் முதல் பேர் ஹாஃபிஸா. இரண்டாவது ஒட்டன்சத்திரத்துப் பையன் ஒருவன். நம் பிள்ளை மூன்றாவது. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் என்பதால் அடுத்த வருஷம் எழுத முடியாது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெரிய ஏமாற்றம்தான், அப்பா அன்று லோடுக்கே போகவில்லை. வேனில் கொஞ்சம் அழுதாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு ஹாஃபிஸா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். தோற்றது வலிக்கிறதா என்று கேட்டேன். “வலிக்குதும்மா. ஆனா அவ எழுதுனத நான் படிச்சேன், எனக்கே அவளுக்குத்தான் போடணும்னு தோணுச்சு” என்றாள். இப்போதும் தினம் ஒரு பக்கம் எழுதுகிறாள், எதற்கு என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள். இசைவாணி டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்ததோடு சரி, வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நோட்ஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டார், வகுப்பில் எல்லாரும் தப்பும் தவறுமாகச் சொந்தமாக எழுதுகிறார்களாம், திருத்தித் திருத்தி அவருக்குக் கை ஓய்ந்துபோகிறதாம்.

நான் உன்னிடம் சொல்ல வந்தது வேறொன்று. ஹாஃபிஸா அந்தக் கட்டுரையைத் தன் அம்மாவுக்குப் போனில் தமிழாக்கிப் படித்துக் காட்டியிருக்கிறாள். கேட்டு முடித்த அவள் அம்மா, “பிள்ளை அழுறது உனக்குக் கேக்குமா? நான் கதவைச் சாத்திட்டுல்ல பேசுவேன்” என்று கேட்டாராம். இதை வேனில் வந்து சொன்னதிலிருந்து எனக்கு உன் நினைப்புத்தான். நீ போன் செய்தால் நான் சாப்பிட்டியா என்கிறேன், சாப்பிட்டேன் என்கிறாய். குளிரா என்கிறேன், பழகிவிட்டது என்கிறாய். அம்மா நல்லா இருக்கியா என்கிறாய், நல்லா இருக்கேன் என்கிறேன். நாலு வருஷமாக இதே. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வலியில் முனகினால் அவரை எப்படி ஆற்றுகிறாய், அவர்கள் சிரிக்கும்போது உனக்கும் சிரிப்பு வருகிறதா, யார் மேலாவது கோபம் வந்தால் எந்தப் பாஷையில் வருகிறது, ஒன்றுமே எனக்குத் தெரியாது. வெங்காய லாரிக்காரரிடம் கேட்ட அளவுகூட உன்னிடம் கேட்டதில்லை.

சரி, முதலில் நானே சொல்கிறேன். ஆடி மாதம் எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். சுகர் இருப்பதால் கொஞ்சம் இழுத்தது, பன்னிரண்டு நாள் மேடைக்குப் போகவில்லை. நீ பதறுவாய் என்று அப்பாவையும் வேனிலையும் வாயைத் திறக்க விடவில்லை. அந்த நாட்களில் நீ வீடியோவில் கூப்பிட்டபோது நெட் சரியில்லை என்று சொன்னது பொய். இப்போது நன்றாகத் தெரிகிறது, இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போடாமலே எழுதுகிறேன், பயப்படாதே, கோபப்பட்டுக்கொள். நான் சொல்லிவிட்டேன், இனி நீ சொல். எனக்குத் தாங்காது என்று எதையும் மறைக்காதே. போனில் வராவிட்டால் எழுது.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். பொடியை நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடு, ஈரக் கரண்டி போடாதே. விக்னேஷ்குமாருக்கு அங்கே யாரையும் தெரியாது, ஒரு நாள் கூப்பிட்டுச் சோறு போடு.

இப்படிக்கு,
இப்போது இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரியும்
உன் அம்மா
ச. பழனியம்மாள்