உலைச் சிவப்பில் ஒரு உப்புப் பாத்தி

அன்புள்ள அம்மாவுக்கு, பெனிட்டா எழுதுவது. உப்பளத்தில் வந்த கால் வெடிப்பு ஆறிவிட்டதா? நான் நலம். இந்தத் தீவில், கராச்சர்மாவில், தினமும் மழை.

பட்டறையில் மரம் செதுக்கும் உளிகள் செய்கிறோம். உலையிலிருந்து எஃகை எடுப்பது என் வேலை. எண்ணெயில் முக்குவது ஷெல்டன் அண்ணன். எஃகுக்குள் கார்பைடு என்று கண்ணுக்குத் தெரியாத கடின மணிகள் உண்டாம். சூட்டில் அவற்றில் கொஞ்சம் உப்பைப் போலக் கரையும். முக்கியெடுத்த பிறகு இளஞ்சூட்டில் வைத்தால், பாத்தியில் உப்பு பூப்பது போல மறுபடி பொடியாகப் பூக்கும். செவ்வாயன்று உலைச் சிவப்புக்குள் நம் பாத்தியைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். சூடு ஏறி, மணிகள் அளவுக்கு மீறிக் கரைந்துவிட்டன; அப்படியானால் எஃகு எளிதில் உடையும்.

பிறகு தட்டிப் பார்த்தபோது உளிமுனை உடைந்து, ஒரு துணுக்கு என் புருவத்தை உரசியது. சின்னக் கீறல்தான். உடைந்த இடம் சர்க்கரைபோல மின்னியது, அழகாக இருந்தது அம்மா.

முதலாளி செல்வி அக்கா, "ஷெல்டன், ஒழுங்கா முக்குனியாலே?" என்று கத்தினார்.

அண்ணன் விழித்தார். நான் முன்னால் வந்தேன்.

"நாந்தாங்க்கா. கனவு கண்டுட்டு நின்னுட்டேன்."

வேலையைவிட்டு ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார் என்று பயந்தேன். அக்கா சிரித்துவிட்டார். "நாளைக்கும் உலைகிட்ட நீதான் நிக்கணும். கனவ மட்டும் ரூம்ல பூட்டிட்டு வா. டீக் ஹை?" என்றார்; இந்தியில் ‘சரியா’ என்று அர்த்தம்.

தலையில் கட்ட உங்கள் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். உலை சிவந்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகள்
பெனிட்டா